காணாமல் போன பழுது

செவ்வாய், மார்ச் 11

இன்று ஒரு சிறு தவறு நடந்தது. நடந்தது என்று எழுதுவது சரியில்லை. செய்தேன்.

மாலைப் பயிலகத்தின் செய்முறைக் கூடத்தில், மேசைமேல் ஒரே மாதிரி இரண்டு பழைய லேப்டாப்கள் இருந்தன. "இடப்பக்கம் இருக்கிறது பயிற்சிக்கு. சனிக்கிழமை தேர்வுல கேக்கப்போறது இதுதான். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை அழிச்சுட்டுப் புதுசா ஏத்திப் பழகும்மா" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த வகுப்புக்குப் போனார். எந்தப் பக்கம் நின்று பார்த்தால் இடப்பக்கம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பார் என்று நினைத்தேன்.

நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். அவர் கதவுப் பக்கம் நின்று சொல்லியிருக்கிறார்.

நான் எடுத்த லேப்டாப் திறப்பதற்குப் பதினோரு நிமிடம் பத்து நொடி ஆனது. (கைக்கடிகாரத்தில் பார்த்துக் குறித்தேன்.) கடவுச்சொல் கேட்டது. அது திரையின் ஓரத்திலேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டப்பட்டிருந்தது. பயிற்சி மெஷினுக்குக் கடவுச்சொல் எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. உள்ளே 'புதிய மடிக்கணினி கொள்முதல் குழு – கூட்டக் குறிப்பு' என்ற பெயரில் மட்டும் எழுபத்தொரு ஃபைல்கள். பயிற்சிக்காக இவ்வளவு சிரமப்பட்டு உண்மை போலவே தயாரித்து வைத்திருக்கிறார்களே என்று மெச்சிக்கொண்டேன்.

எல்லா ஃபைல்களையும் முதலில் பென்டிரைவில் எடுத்துவைத்தேன். எண்ணிக்கை சரிபார்த்தேன். அழித்தேன். புதிதாக ஏற்றினேன். ஃபைல்களைத் திரும்பப் போட்டேன். எண்ணிக்கையை மறுபடி சரிபார்த்தேன். அதே கடவுச்சொல்லை வைத்தேன். இப்போது பத்தொன்பது நொடியில் திறக்கிறது. திரும்பி வந்த ஆசிரியர், "அருமை" என்று தோளில் தட்டினார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது பயிலக அலுவலகத்தின் டைப்பிஸ்ட் அம்மா வந்து அந்த லேப்டாப்பை எடுத்தார். அலுவலகத்தில் பிளக் பாயிண்ட் கெட்டுப்போனதால் சார்ஜ் ஏற இங்கே வைத்திருந்தாராம்.

எதுவும் தொலையவில்லை. அதனால் இது சிறு தவறுதான் என்று நினைக்கிறேன்.

புதன், மார்ச் 12

சிறு தவறு இல்லை.

பார்சல் கவுன்ட்டரில் எடை போடும் வேலை முடிந்து, ஐந்தரைக்குப் பயிலகம் போனேன். டைப்பிஸ்ட் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, நீதான் அதைத் தொட்டியா?"

"ஆமாம்மா. ஏதாவது போயிடுச்சா?"

"போகல. அதான் பிரச்சனை. பதினாறு வருஷமா வந்ததும் சுவிட்சைப் போடுவேன். ஃப்ளாஸ்க்கைக் கழுவுவேன், செடிக்குத் தண்ணி ஊத்துவேன், பொண்ணுக்குப் போன் பண்ணி மாப்பிள்ளை எப்படி இருக்காருன்னு கேப்பேன். திரும்பி வந்தா சரியா திறந்திருக்கும். இன்னைக்கு சுவிட்சைப் போட்டுட்டுத் திரும்பறேன், திறந்துகிட்டு என்னையே பாக்குது. என்ன பண்ணச் சொல்றே?"

"வேலை செய்யலாமேம்மா."

"செஞ்சுட்டேனே! சனிக்கிழமைத் தேர்வுக்கு முப்பத்தெட்டு நுழைவுச்சீட்டையும் அடிச்சு, முதல்வர் மேடம்கிட்ட கட்டோட கையெழுத்தும் வாங்கிட்டேன். மணி இன்னும் ஆறு ஆகல. இப்ப மாப்பிள்ளை எப்படி இருக்காருன்னே தெரியல."

அலுவலக ஜன்னலில் 'கணினி திறந்துகொண்டிருக்கிறது. காத்திருக்கவும்' என்று ஒரு பலகை தொங்கும். இன்று அதைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். அது கழற்றப்பட்டு நான் பார்த்ததில்லை. பின்னால் சுவரின் நிறமே வேறாக இருந்தது. ஆறரைக்குள் வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது கிடைத்துவிட்டது. டோக்கன் கொடுக்கும் காவலாளி, கொடுக்க ஆள் இல்லாமல், ஒரு டோக்கனைத் தானே எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார். நான்கு வருடத்துக்கு முன் கேட்டிருந்த பணிச் சான்றிதழ் அவருக்கு மூன்று நிமிடத்தில் கிடைத்தது. கையில் வைத்துக்கொண்டு, "இனி எதுக்காக இங்க இருக்கிறது?" என்று கேட்டார்.

ஏழு மணிக்கு உபகரணப் பொறுப்பாளர் கூப்பிட்டனுப்பினார். பாதி வாக்கியங்களை 'முறைப்படி' என்றுதான் தொடங்குவார் என்பதால் வகுப்பில் அவருக்கு முறைப்படி சார் என்று பெயர். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"முறைப்படி, வேகமா இருக்கிறது தப்புன்னு நான் சொல்லலம்மா. அனுமதி இல்லாம வேகமா இருக்கிறதுதான் தப்பு."

"பயிற்சி மெஷின்னு நினைச்சுட்டேன் சார். ஆசிரியர்கூட அருமைன்னு சொன்னார்."

"கேட்டாச்சு. தான் சொன்னது பொதுவான அருமைன்னு எழுதிக் கொடுத்துட்டார்." ஒரு படிவத்தை நீட்டினார். "முறைப்படி இதை நிரப்பும்மா."

உபகரணப் பழுதுப் படிவம். உடைந்தது, தொலைந்தது, மெதுவானது என்று மூன்று கட்டங்கள். அவற்றில் ஒன்றில்தான் குறியிட வேண்டும். சரியானது என்று கட்டம் இல்லை. அதைச் சொன்னேன்.

"இந்தப் படிவம் வந்து இருபது வருஷம் ஆகுது. இதுவரைக்கும் யாருக்கும் அந்தக் கட்டம் தேவைப்பட்டதில்ல" என்றார். "முன்னாடி என்ன இருந்தது?"

"பழுது இருந்தது சார்."

"இப்ப?"

"இல்ல."

"அப்ப தொலைஞ்சிருக்கு. தொலைந்ததுல குறி போடு."

குறியிட்டேன். தொலைந்த பொருள்: பழுது. அளவு: பதினோரு நிமிடம். கடைசியாகப் பார்த்த நபர்: நான். திருப்பித் தரும் தேதி என்ற இடத்தில் அவரே 'வெள்ளி' என்று எழுதினார்.

"சார், பழுதை எப்படித் திருப்பித் தர்றது?"

"எடுத்தவங்களுக்குத்தானேம்மா தெரியும்" என்றார், மிகவும் அன்பாக.

வெள்ளிக்கிழமை மேலிடத்திலிருந்து ஓர் ஆய்வு அதிகாரி வருகிறாராம். புதிய லேப்டாப் கேட்டுப் பயிலகம் ஒன்பது வருடமாக எழுதிக்கொண்டிருந்த விண்ணப்பத்துக்கு இப்போதுதான் நேரில் பார்க்க வருகிறார்கள். விண்ணப்பத்தில் இருக்கும் ஒரே சான்று அந்தப் பதினோரு நிமிடம். குறைந்தது பத்து நிமிடமாவது ஆனால்தான் பழையது என்று ஏற்பார்கள்.

"பழுதைத் திருப்பித் தர்ற வரைக்கும் உன் நுழைவுச்சீட்டை நிறுத்தி வெக்கிறோம்மா. முறைப்படி."

இந்தத் தேர்வு வருடத்துக்கு ஒருமுறை. பார்சல் அலுவலகத்துக்கு எதிரே உள்ள சர்வீஸ் சென்டர்காரர் போன மாதமே சொல்லிவிட்டார்: "தேர்வு எழுதினதுக்கான சீட்டைக் காட்டும்மா, இந்த ஸ்டூல் உனக்கு. திங்கட்கிழமை வரைக்கும் காலியா வெச்சிருக்கேன். அதுக்கப்புறம் யாராவது உக்காந்துடுவாங்க." நான்கு வருடமாக மதியம் சாப்பிடும்போது கவுன்ட்டரிலிருந்து அந்த ஸ்டூலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்காவிடம் சொன்னேன். பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள். எதற்கும் அசரமாட்டாள். இதற்கு மட்டும் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"எங்க டாக்டர் தினமும் பத்துப் பல்லு பிடுங்கறார். என் பழைய வலியைத் திருப்பிக் குடுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து நின்னதில்லடி."

வியாழன், மார்ச் 13

கொள்முதல் குழுவின் எழுபத்திரண்டாவது கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். நான் 'சிறப்பு அழைப்பாளர்' என்று எழுதியிருந்தது. நாற்காலி இல்லை.

முதல்வர் மேடம்தான் குழுவின் தலைவர். மேசையில் மாலை ஒன்று இருந்தது. எனக்கா என்று பயந்தேன். வெள்ளிக்கிழமை அதிகாரிக்காம். மேடம் பேசத் தொடங்கினார்.

"இந்தக் குழு ஒன்பது வருஷமா ஓய்வில்லாம உழைச்சு, ஒரு லேப்டாப்கூட வாங்காம இந்தப் பயிலகத்தைக் காப்பாத்தியிருக்கு. முதல் வருஷமே அவசரப்பட்டு வாங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்? இந்நேரம் அதுவும் பழசாகியிருக்கும்!"

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் குறித்துக்கொண்டார்.

"நான் இதைப் பெருமையா சொல்றேன். மூணு தடவை விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினாங்க. மூணு தடவையும் அதே விண்ணப்பத்தைத்தான் அனுப்பினோம். கொள்கையில நாங்க மாறல. அப்படிப்பட்ட நேரத்துல ஒரு மாணவி, யாரும் கேக்காம, நாற்பது நிமிஷத்துல…" முறைப்படி சார் தண்ணீர் கொடுத்தார்.

"மேடம்" என்றேன், "அது இப்ப நல்லாத்தான் ஓடுது. புதுசு வாங்கவேண்டிய அவசியமே இல்லாம…"

மேடம் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. "குழந்தை, லேப்டாப் நல்லாயிட்டா குழு எதுக்கு?"

பதில் இருப்பதாக நினைத்தேன். நின்றுகொண்டே யோசித்ததில் மறந்துவிட்டது.

தீர்மானம் ஒன்று: மாணவி வெள்ளி மாலை ஆறு மணிக்குள் பழைய வேகத்தை மீட்டுத் தரவேண்டும். தீர்மானம் இரண்டு: தீர்மானம் ஒன்றுக்கு மாணவி நன்றி தெரிவிக்கவேண்டும். தெரிவித்தேன்.

பிறகு கூடத்தில் லேப்டாப்பை மெதுவாக்க உட்கார்ந்தேன். வேகமாக்குவதற்குப் புத்தகத்தில் ஒரு பாடம் இருக்கிறது. மெதுவாக்குவதற்கு இல்லை. நானே வரிசைப்படுத்திச் செய்து பார்த்தேன். ஒரு வைரஸ் தடுப்பு மென்பொருள் ஏற்றினேன்: முப்பத்தோரு நொடி. இன்னும் மூன்று ஏற்றினேன். நான்கும் ஒன்றையொன்று வைரஸ் என்று நினைத்துச் சண்டை போட்டன: ஒரு நிமிடம் ஐம்பது. திறக்கும்போதே எழுபத்திரண்டு கூட்டக் குறிப்புகளும் தாமாகத் திறக்கும்படி செய்தேன்: இரண்டு நிமிடம் நாற்பது. அதற்குமேல் ஒரு நொடிகூட ஏறவில்லை.

பதினோரு நிமிடம் என்பது ஒரே நாளில் வந்ததில்லை. வருடக்கணக்கில், தினமும் கொஞ்சம், யாரும் கவனிக்காமல் சேர்ந்தது. அதை இரண்டு மாலையில் நான் எப்படிக் கொண்டுவருவேன்? ஒருவேளை திறமையுள்ளவர்களுக்கு முடியுமோ என்னவோ.

அக்கா எனக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மெதுவாக்கணும்னா எதுக்குடி மெஷினைப் போட்டுப் படுத்தறே? அந்த முறைப்படி சார் கையில குடு" என்றாள். சிரித்தேன். அழுகையும் வந்தது. நுழைவுச்சீட்டு இல்லாமல் சனிக்கிழமை போய் வாசலில் நிற்பதா, அல்லது போகாமலே இருப்பதா என்று இரண்டு பத்தியாக எழுதிப் பார்த்தேன். இரண்டும் சமமாக இருந்தன.

வெள்ளி, மார்ச் 14

நடந்ததை நேரத்தோடு எழுதுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நானே நம்பமாட்டேன்.

ஆறு மணிக்கு ஆய்வு அதிகாரி வந்தார். களைத்த மனிதர். மாலையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, பையிலிருந்து ஒரு நிறுத்துக் கடிகாரத்தை எடுத்தார். "எங்க விதி ரொம்ப எளிமை. 'இயக்குங்க'ன்னு நான் சொல்றதுலேர்ந்து திரை திறக்கிற வரைக்கும் கணக்கு. அவ்வளவுதான். எனக்கு எட்டு மணிக்கு பஸ்."

இரண்டு நிமிடம் நாற்பதுதான் வரும் என்று உண்மையைச் சொல்லிவிடுவது என முடிவு செய்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவர், "ம், இயக்குங்க" என்று கடிகாரத்தை அழுத்திவிட்டார். மணி 6:07. மேடம் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கையை நீட்டினேன். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. செவ்வாய்க்கிழமை கேட்காமல் தொட்டதால்தானே இத்தனையும்.

"சார்" என்று பொறுப்பாளரிடம் கேட்டேன், "முறைப்படி யார் ஆன் பண்ணணும்?"

அவர் முகத்தில் அப்படி ஒரு ஒளியை நான் பார்த்ததில்லை. பதினெட்டு வருடப் பணியில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லையாம்.

"நல்ல கேள்வி. அதிகாரி முன்னிலையில இயக்கணும்னா உபகரணப் பதிவேட்டுல கையெழுத்தாகணும்."

பதிவேடு அலமாரியில் இருந்தது. அலமாரிச் சாவி, சாவிப் பெட்டியில். சாவியை எடுக்க, சாவிப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். சாவிப் பதிவேடு அலமாரிக்குள் இருந்தது. 6:21க்கு ஒரு வெள்ளைத்தாளில் தற்காலிகச் சாவிப் பதிவேடு தொடங்கப்பட்டது. அதற்குப் பக்க எண் இட்டு மேடம் சான்றளித்தார்.

6:30. கடவுச்சொல். அது முத்திரையிட்ட உறையில் இருந்தது. உறையைப் பிரிக்க இரண்டு சாட்சிகள் தேவை. காவலாளி ஒரு சாட்சி. இன்னொருவருக்காக டைப்பிஸ்ட் அம்மாவை அழைத்தார்கள். அவர் வந்து, "திரையிலேயே ஒட்டியிருக்கே" என்று சீட்டைக் காட்டினார்.

"அது வழக்கத்துக்கு. இது முறைக்கு" என்றார் முறைப்படி சார்.

6:44. சுவரிலிருக்கும் சுவிட்ச் மின்பிரிவின் பொறுப்பு என்று கண்டுபிடிக்கப்பட்டது. எலக்ட்ரீஷியன் டீ குடிக்கப் போயிருந்தார். வந்து, சுவிட்சை ஒரு விரலால் தட்டிவிட்டு, "இதுக்காய்யா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அலுவலகத்தின் அந்தப் பிளக் பாயிண்ட் இன்னும் கெட்டேதான் இருந்தது. அவரை மறுபடி அழைத்துவந்தார்கள்.

7:02க்கு முறைப்படி சார் பொத்தானை அழுத்தினார். அழுத்திய நேரத்தை நான்கு பதிவேட்டில் எழுதவேண்டியிருந்தது. நான்கு பேரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது, என் இரண்டு நிமிடம் நாற்பது நொடி யாருக்கும் தெரியாமல் கழிந்தது. நிமிர்ந்தபோது திரை திறந்திருந்தது.

அதிகாரி கடிகாரத்தை நிறுத்தினார். "ஐம்பத்தெட்டு நிமிஷம்."

முறைப்படி சார் அதையும் பதிவேட்டில் எழுதினார்.

"எத்தனையோ இடம் பாத்துட்டேன். இவ்வளவு மெதுவான மெஷினைப் பாத்ததே இல்ல. இதை வெச்சுக்கிட்டா இத்தனை நாள் வேலை செஞ்சீங்க?"

மேடத்தின் கண்கள் கலங்கிவிட்டன. "நாங்க பதினொண்ணுன்னுதான் எழுதியிருந்தோம் சார். மிகைப்படுத்துற பழக்கம் இங்க கிடையாது."

அதிகாரி அங்கேயே அனுமதியில் கையெழுத்திட்டார். லேப்டாப் பயன்படுத்தத் தகுதியற்றது என்று துணி சுற்றி முத்திரை வைத்தார்கள். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. துணிக்குள்ளிருந்து விசிறிச் சத்தம் கேட்டது. புதிய லேப்டாப் வந்தால் அதைப் பெற்றுக்கொள்வதற்கு ஒரு வரவேற்புக் குழு அமைக்கப்பட்டது. உறுப்பினர்கள் அதே ஆட்கள்தான்.

நான் பொறுப்பாளரிடம் போய் நின்றேன். "சார், பழுது திரும்பக் கிடைச்சாச்சு. என் நுழைவுச்சீட்டு?"

"தாராளமா. பதினொண்ணு கேட்டோம், ஐம்பத்தெட்டாத் தந்திருக்கே. புது மெஷின் வந்ததும் முதல் வேலை உன் நுழைவுச்சீட்டை விடுவிக்கிற ஆர்டரை அடிக்கிறதுதான்."

"தேர்வு நாளைக்கு சார்."

"அது தேர்வுப் பிரிவும்மா. நாங்க உபகரணம்." முத்திரையிட்ட மூட்டையை வருத்தத்தோடு காட்டினார். "இதைப் பிரிக்கணும்னா முறைப்படி…"

மீதியைக் கேட்காமல் வெளியே வந்தேன். ஜன்னலில் அந்தப் பலகையைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார்கள். படியில் உட்கார்ந்தேன். எதிரே தெருவிளக்கு எரிந்தது. ஸ்டூலில் திங்கட்கிழமை யார் உட்காருவார்கள் என்று யோசித்தேன். நல்லவராக இருந்தால் பரவாயில்லை என்றும் நினைத்துப் பார்த்தேன்; நினைக்க முடியவில்லை.

டைப்பிஸ்ட் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஃப்ளாஸ்க் கூடையிலிருந்து ஒரு தாளை உருவி என் மடியில் போட்டார். என் பெயர், என் புகைப்படம், மேடத்தின் கையெழுத்து.

"புதன்கிழமையே அடிச்சுட்டேன்னு சொன்னேன்ல? முப்பத்தெட்டுல இதுவும் ஒண்ணு."

"நிறுத்தி வெக்கச் சொல்லியிருந்தாங்களேம்மா."

"சொன்னாங்க. வாயால சொன்னா நிக்குமா? நிறுத்தி வெக்கிற ஆர்டரை நான்தானே டைப் அடிக்கணும். தினமும் வந்து கேட்டார் உங்க முறைப்படி சார். மெஷின் ரொம்ப மெதுவா இருக்கு சார், திறந்துகிட்டே இருக்குன்னேன்." புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சரிம்மா, காத்திருக்கலாம்னுட்டுப் போயிட்டார். பதினாறு வருஷப் பழக்கம் இல்லையா."

"மாப்பிள்ளை எப்படி இருக்காரும்மா?" என்று கேட்டேன்.

"இனிமேதான் கேக்கணும். திங்கக்கிழமைலேர்ந்து மெஷினே இல்லையே, நிறைய நேரம் இருக்கு."

வீட்டில் நுழைவுச்சீட்டைக் காட்டியதும் அக்கா, "பாத்தியா, நான் சொன்ன மாதிரி அவர் கையில குடுத்தே, வேலை நடந்துச்சு" என்றாள். நான் யோசனையோடுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன் என்கிறாள். நான் சந்தேகத்தில்தான் கேட்டேன். அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

நாளை, சனி: காலை ஒன்பதுக்குத் தேர்வு. நுழைவுச்சீட்டு, பென்டிரைவ், இரண்டு பேனா, கைக்கடிகாரம் எடுத்துக்கொள்ள வேண்டும். மேசையில் இரண்டு லேப்டாப் இருந்தால், எந்தப் பக்கம் நின்று பார்த்தால் இடப்பக்கம் என்று கேட்கவேண்டும்.